அரைக்கால் வெளிச்சம்

எம்.இ. படித்த நாட்களில் நான் வரைந்த படங்களில் ஊர்களெல்லாம் வட்டங்களாக இருந்தன. வட்டத்துக்கு வட்டம் ஒரு கோடு. கோடு என்றால் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். வட்டம் என்றால் நோட், இழை வந்து பிரிகிற இடம். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஒரு பெட்டி என்பேன். பெட்டிக்குள் என்ன என்று மேலும் கேட்டால் எரிச்சலாக வரும். மற்றவர்களைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பது என் பிறவிக் குணம். என்னை யாராவது அப்படிக் கேட்டால் மட்டும் பிடிக்காது.

ஆய்வுத் தலைப்பை முழுதாகச் சொன்னால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். சுருக்கம் இதுதான்: ஒரே சேதியை, ஒரே நேரத்தில், பல ஊர்களுக்கு இழை வழியாக வெளிச்சமாக அனுப்ப வேண்டும். பணம் இருக்கிற நாடுகள் வழியெல்லாம் விலையுயர்ந்த கருவிகளை வைத்து வெளிச்சத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாம். இல்லாத நாடுகள் இருக்கிற வெளிச்சத்தைப் பிரித்துத்தான் சமாளிக்க வேண்டும். பிரித்தால் குறையும். எந்த ஊரில் எவ்வளவு எடுத்துக்கொண்டு எவ்வளவை மேலே அனுப்பினால் கடைசி ஊர் வரை தாங்கும், அதற்கு அந்தப் பெட்டியை எப்படி அமைப்பது என்பதுதான் என் கேள்வி. அதற்காகத் தாள் தாளாக வட்டங்கள் வரைந்தேன்.

திருப்பூருக்கு வெளியே இருந்த எங்கள் கல்லூரியில் என் வழிகாட்டி அந்தத் தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, “நல்லா இருக்கும்மா. இதுல ஒரு வட்டத்தையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் குடும்பத் தொழிலே அதுதான்.

காங்கேயத்தில் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் பெரியப்பா கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் வைத்திருந்தார். அங்கிருந்து இழை கிளம்பி, தெற்கே அப்பா கேபிள் நடத்திய எங்கள் ஊருக்கு வரும். அங்கிருந்து அடுத்த ஊரில் சித்தப்பாவுக்கு. கடைசியாக, மூலனூரை ஒட்டிய ஒரு ஊரில், இந்த மூன்று பேருக்கும் ஒரே தங்கையான என் அத்தைக்கு. மாமா முருங்கைக்காய் மண்டியில் கையைச் சுட்டுக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அத்தைதான் அந்த ஊரின் கேபிளை எடுத்து நடத்தினார். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அத்தையின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டும் பெண்கள். கம்பெனி வேன் காலையில் மூட்டையை இறக்கிவிட்டுப் போகும். இவர்கள் டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, தையலில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்துக்கொண்டே சீரியல் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அத்தை ஊரில் படம் ஒரே புள்ளியாக வந்தது. அழுகிறது மாமியாரா மருமகளா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வர ஆரம்பித்திருந்தது. ஒரு மொட்டைமாடியில் ஒரு குடை முளைத்தது. பிறகு எதிர்வீட்டில். பிறகு பால் சொசைட்டி பக்கத்தில். குடை ஏறிய வீடு கேபிளை வெட்டிவிடும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் அத்தைக்குத் தொழில் இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கெல்லாம் காரணம் சித்தப்பாதான் என்று அத்தை முடிவு கட்டியிருந்தார். அவருக்கு முந்தின பெட்டி சித்தப்பாவுடையது. வெளிச்சத்தையெல்லாம் அவர் உறிஞ்சிக்கொண்டு கழிவை அனுப்புகிறார், தொழில் படுத்ததும் அந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பது அத்தையின் கணக்கு. சித்தப்பா புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்குக்கூட அவர் போகவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளையும் உட்கார வைத்து இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். அண்ணனும் தங்கையும் கடைசி வரை ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காக. சித்தப்பாவுக்கு அப்படி உட்கார்ந்தது இதே அத்தைதான். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிக் கேட்டபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை நான் வாங்கி வருகிறேன், நான்கு பெட்டிகளையும் அளக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அத்தை போன் செய்தார்.

“கண்ணு, அந்த மீட்டர உன்ற சித்தப்பன் பொட்டியில வெச்சுப் பாரு. எத்தன எடுத்துக்கறாரு, எத்தன உடறாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

சரிங்க அத்தை என்றேன். படிப்புக்குப் படிப்பு, உளவுக்கு உளவு.

முதலில் காங்கேயம். நான் இத்தனை நாள் வரைந்த வட்டத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அது ஒரு தகரப் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மூடியில் காய்ந்து கிடந்தன. இழையின் முனையில் ஒரு தூசி விழுந்தாலே வெளிச்சம் பாழ். இந்தப் புண்ணியவான்கள் உள்ளேயும் பொட்டு வைத்திருந்தால்? திறந்து பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. பெரியப்பாவின் மெக்கானிக்குக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. “சாமி கும்படறது மூடிக்கு மட்டுந்தானுங்க” என்றார்.

உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர். ஒரு இழை உள்ளே போய் இரண்டாக வெளியே வருகிறது. பாதி வெளிச்சம் பெரியப்பாவின் ஊருக்கு, பாதி வழிக்கு. அளந்தேன், சரியாக இருந்தது. ஆனால் பெரியப்பாவின் பக்கம் போன இழையில் ஒரு சின்னச் சொருகி மாட்டியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். “லைட்டு எச்சாப் போயி படம் தெறிக்குதுங்க. அதான் பாதியக் கொல்றதுக்கு அதப் போட்டுருக்கு” என்றார் மெக்கானிக். வேடிக்கையாக இருந்தது, ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது எங்கள் ஊர். அப்பாவுக்குத் தன் பெட்டியை அளப்பதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். “எனக்கு வந்ததுல சரிபாதி கீழ உட்டிருக்கறேன். ஒரு நூலு எச்சா எடுக்கல” என்றார். அவர் சொன்னது மீட்டரிலும் தெரிந்தது.

மூன்றாவது சித்தப்பா ஊர். சித்தப்பா அதிகம் பேச மாட்டார். நான் உளவு பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நின்றார். நான் இரண்டு முறை அளந்தேன். பிறகு துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். பாதி அவருக்கு, பாதி அத்தைக்கு. இம்மியும் கூடுதல் இல்லை.

வீட்டுக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். சித்தி பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். எதிரில் டிவி ஓடியது. திரை முழுக்க அதே புள்ளி. அத்தை வீட்டில் எப்படியோ அப்படியே. வெளியே வந்து, பெட்டியை மூடிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் கேட்டேன்.

“ஏனுங்க சித்தப்பா, இங்கயும் இப்படித்தானுங்களா?”

“எப்பவுமே இப்படித்தான் கண்ணு.”

“அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னா, அண்ணன் கொறச்சுக் குடுத்துட்டாருன்னு சொல்ற மாதரி ஆயிருமில்ல.”

“அத்தைகிட்டயாவது?”

அவர் பெட்டியின் திருகாணியை முறுக்கி முடித்தார். பிறகு, “அவகிட்டச் சொல்லீராத. எனக்கே இல்லீன்னு தெரிஞ்சா கேக்கறதையும் உட்ருவா. லைனையே சுத்திக் கட்டி வெச்சுருவா. இப்ப என்றமேல இருக்கற கோவத்துலயாச்சும் நடத்திட்டு இருக்கறா” என்றார்.

சொல்ல மாட்டேனுங்க என்று வாக்குக் கொடுத்தேன். அத்தையிடம் அளவை மட்டும் சொன்னேன்: பாதிதான் எடுக்கிறார். “நீ வர்றது தெரிஞ்சதும் மாத்தி வெச்சிருப்பாரு” என்றார் அத்தை. அவர் வீட்டுக்கு நேர் எதிரே புதுக் குடை ஒன்று வெயிலில் பளபளத்தது. ஊரில் மீதி இருந்தவர்களும் கார்த்திகை வரை பார்ப்போம் என்று தவணை சொல்லியிருந்தார்கள்.

திருடன் இல்லாமல் ஒரு திருட்டு. அது என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன், ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அதே நினைப்பு. மூன்று பேரும் சத்தியம் தவறாமல் சரிபாதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அது பெரிய பெருமை. பங்காளிகள் கோர்ட் படி ஏறாமல், தாத்தா நிலத்தைச் சரிபாதி சரிபாதியாக வரப்புப் போட்டுக்கொண்டவர்கள். இழை ஒரே நாளில் நான்கு ஊருக்கும் போகவில்லை. ஒவ்வொரு ஊராக நீண்டது. அடுத்தவன் வந்து கேட்டபோது, முந்தினவன் தன்னிடம் இருந்ததில் பாதியைப் பிரித்துக் கொடுத்தான். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? அப்படிப் பெரியப்பாவுக்கு அரை, அப்பாவுக்குக் கால், சித்தப்பாவுக்கு அரைக்கால், அத்தைக்கு அரைக்கால். அதிலும் தூரம் தின்றது போக மீதி. கடன்பட்டு ஒரு பெருக்கியை வாங்கிச் சித்தப்பா ஊரில் வைத்தாலும், அவ்வளவு மங்கின பிறகு படத்தோடு புள்ளியும் சேர்ந்தே பெருகும்.

விடை என் தாள்களில்தான் இருந்தது. பின்னால் எத்தனை ஊர் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்துத்தான் ஒவ்வொரு பெட்டியும் எடுக்க வேண்டும். முதல் பெட்டி கால் எடுத்து முக்கால் விட வேண்டும். இரண்டாவது, வந்ததில் மூன்றில் ஒன்று எடுத்து இரண்டு பங்கை விட வேண்டும். மூன்றாவது பாதிக்குப் பாதி. நான்கு பேருக்கும் கால் கால். தூரத்துக்காக முதல் இரண்டு பெட்டிகளிலும் இன்னும் ஒரு துளி கூட்டி அனுப்பினால் போதும். பாதி பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குப் பதிலாக இப்படி ஏற்றத்தாழ்வாகப் பிரிக்கிறதும் கோயம்புத்தூரில் கடையிலேயே கிடைக்கிறது. இரண்டே சாமான். சிக்கல் அதில் இல்லை. மூத்தவருக்கு அரையிலிருந்து கால் என்று யார் போய்ச் சொல்வது என்பதில் இருந்தது.

தீபாவளி நோம்பிக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கிடா வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். கூறு போடுவது பெரியப்பா. வேறு யார் போட்டாலும் முணுமுணுப்பு வரும், அவர் போட்டால் வராது. வாழையிலைகளைப் பரப்பிவிட்டு, கத்தியை எடுக்கும் முன், “மொத்தம் எத்தன கூறு?” என்று உரக்கக் கேட்டார். வராத வீட்டையும் சேர்த்து எண்ணி முடிக்கும் வரை ஒரு துண்டைத் தொடவில்லை. ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எல்லா இலையிலும். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

“பெரியப்பா, முதல் ஊட்டுக்காரர் பாதிய எடுத்துட்டு, மிச்சத்துல பாதிய அடுத்தவரு எடுத்து, இப்படியே குடுத்தா என்னாகுமுங்க?”

“கடசி ஊட்டுக்காரன் அண்டாவக் கழுவிக் குடிக்கோணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“நம்ம கேபிள் அப்படித்தானுங்க இருக்குது. அத்தை அண்டாவத்தான் கழுவறாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அதை அங்கே, அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. பெரியப்பா கத்தியைக் கீழே வைத்தார். “கறியும் கேபிளும் ஒண்ணா? என்ற தம்பி வந்து கேட்டான், இருந்ததுல சரிபாதி குடுத்தேன். ஊருல எந்த அண்ணன் குடுப்பான்?” என்றார். பங்குக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் கறியை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதோடு விட்டுவிடுகிற ஆளா நான்? நாலு நாள் கழித்து மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் வழியில் கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். காங்கேயம் என் வழியில் இல்லை என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். நான் பங்கைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்டியைத் திறந்து அந்தச் சொருகியைத் தொட்டுக் காட்டினேன்.

“இது எதுக்குன்னு தெரியுமுங்களா பெரியப்பா?”

“மெக்கானிக் போட்டது. எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்கு வர்ற வெளிச்சம் தேவைக்கு மேல இருக்குதுங்க. அதுல பாதிய இது கொன்னுருது. மிச்சந்தான் டிவிக்குப் போகுது.”

“கொல்லுதுன்னா? அது எங்க போகுது?”

“எங்கயும் போகலீங்க. இதுக்குள்ளயே வீணாப் போகுது.”

அவர் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் சுவரைப் பார்த்தார். பெரியப்பா யாரென்றால், சொட்டுகிற குழாய் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றாலும் போய் இறுக்கிவிட்டு வருகிறவர். அதிகம் எடுத்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் சண்டைக்கு நிற்பார். வீணாக்குகிறீர்கள் என்று சொன்னால் அவரால் தாங்க முடியாது. “இத்தன வருசமாவா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தச் சொருகியை வெறுப்போடு பார்த்துவிட்டு, “கோயமுத்தூருக்கு எப்ப போவோணும்?” என்றார்.

நாங்கள் மாற்றிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்கும் நானும் காலையில் காங்கேயத்தில் தொடங்கினோம். முதல் பெட்டியில் புது ஸ்ப்ளிட்டர். சொருகி குப்பைக்குப் போனது. பெரியப்பா டிவியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவரே பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு ஏமாந்தது போலத் திரும்பி வந்தார். எங்கள் ஊரிலும் மாற்றினோம். அப்பாவுக்கு முன்பும் கால்தான், இப்போதும் கால்தான். சித்தப்பா ஊரில் பெட்டியைத் திறந்தோம், மீட்டரை வைத்தோம், மூடினோம். அங்கே மாற்ற ஒன்றுமே இல்லை. அத்தை இத்தனை நாள் சந்தேகப்பட்ட அந்த ஒரு பெட்டிதான் முதலிலிருந்தே சரியாக இருந்தது.

அத்தை ஊருக்கு நாங்கள் போய்ச் சேரும் முன்பே படம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு பெண் கையில் கத்தரியோடு வாசலுக்கு வந்து, “அக்கா, அந்த வில்லி மூக்குத்தி போட்டுருக்கறாளா! இத்தன நாளாத் தெரியவே இல்ல” என்று கத்தினாள். ஏறின குடைகள் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக ஏறியது குறைவு. கார்த்திகை வந்தது, போனது, அத்தையின் தொழில் விழாமல் நடந்துகொண்டிருந்தது. என் வழிகாட்டி அந்த நான்கு பெட்டிகளையும் ஓர் அத்தியாயமாக எழுதச் சொன்னார். கறிக்கூறு பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

அன்று அத்தை எனக்குக் காபி கொடுத்துவிட்டு, டிவியின் முன்னால் நின்றுகொண்டு, “கடசியில வழிக்கு வந்துட்டாரு பாத்தியா சின்னண்ணன்? நெசத்தச் சொல்லு, எத்தன எச்சா எடுத்துட்டு இருந்தாரு?” என்றார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் பறந்துவிட்டது. அவர் பெட்டியை நாங்கள் தொடவே இல்லை என்றேன். உங்களுக்கு வந்த அதே அரைக்கால்தான் அவருக்கும் வந்தது, அவர் வீட்டிலும் அதே புள்ளிதான், சித்தி இத்தனை வருஷமும் சீரியலைக் காதால்தான் பார்த்தார் என்றேன். அத்தை முதலில் நம்பவில்லை. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் ஆமாங்க என்று தலையாட்டினார்.

அத்தை டிவியை அணைத்தார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பா வாசலில் பனியன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல, “வா அம்மிணி” என்றார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். அந்த வீட்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல் முறை. கூடத்தில் டிவி ஓடியது, படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்கண்ணா, நான் ஊரு பூரா உங்களத் திட்டுனேன். எனக்கும் இதே கெதிதான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?”

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ ஒரு நாளு ஊட்டுக்கு வந்திருந்தீன்னா, நான் சொல்லவே வேண்டியதில்லையே அம்மிணி.”